மாவு மில்லும் ஓட்டைப் பந்தும்

திலகமணி அம்மாவின் மடத்துக்கு வழி கேட்டால் செங்காட்டு நகரில் ஒருவருக்கும் தெரியாது. ராவுத்தர் மாவு மில் எங்கே என்று கேளுங்கள், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். மில்லின் பக்கவாட்டில் ஒரு இரும்புப் படி. ஏறினால் ஒரு கூடம், ஏழெட்டுக் கோரைப்பாய். அதுதான் மடம். போர்டு கிடையாது, காவி கிடையாது. மாலை ஐந்து மணிக்கு வந்து ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போகலாம்.

பழைய கட்டிடம். மில்லுக்குக் கூரை, மடத்துக்குத் தரை, இரண்டும் ஒரே மரப்பலகைதான். கீழே மிளகாய் அரைக்கிற நாளில் மேலே ஞானத்துக்குப் பதில் தும்மல் வரும்.

அம்மாவுக்கு நாற்பத்தேழு வயது. அவருடைய சீடர் சென்னியப்பனுக்கு அறுபத்து மூன்று. தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அதனால் குரு சீடரை "ஐயா" என்பார், சீடர் குருவை "அம்மா" என்பார். கேட்கிறவர்களுக்கு யார் யாருக்குப் பாடம் சொல்கிறார் என்று குழப்பமாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்த மடத்தில் ஒரு பழக்கம் உண்டு. உட்கார்ந்து கால் மணி நேரம் ஆனதும், கீழே மில்லில் எழும் தட்டுமுட்டுச் சத்தங்களுக்கு நடுவே, அம்மா குதிகாலால் பலகையில் இரண்டு தட்டு தட்டுவார். தட்டியதும் எல்லாரும் பிடித்து வைத்திருந்த மூச்சை விடுவார்கள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. முன்னால் வந்தவர் செய்ததைப் பின்னால் வந்தவர் செய்தார். சென்னியப்பன் தம்முடைய நோட்டில் அதற்கு "விடு தட்டு" என்று பெயரே வைத்து எழுதியிருந்தார்.

ஒரு வியாழக்கிழமை அவர் நாலரை மணிக்கே வந்துவிட்டார். கையில் பிளாஸ்டிக் உறை. உறைக்குள் ஒரு மனு.

"அம்மா, ஒரு சந்தேகமுங்க."

"கேளுங்க ஐயா."

"மூணு வருசமா இங்க உக்கார்றேன். கீழ பத்து ஹெச்.பி. மோட்டார் ஓடுது. பலகையே அதிருது. எனக்கு ஒண்ணுமே ஆறதில்லீங்க. மனசு அதுபாட்டுக்குக் கெடக்குது."

"சரி."

"வூட்டுக்கு எதுத்த பார்க்குல ஒரு பிளாஸ்டிக் பந்து. சாத்துக்குடி அளவு இருக்குமுங்க. அது டொக்குன்னா எனக்குத் தலைக்கு ஏறிருது. இத்தாப்பெரிய சத்தத்துல அடங்கற மனசு அந்தச் சின்னச் சத்தத்துல ஏன் அடங்க மாட்டேங்குது?"

அந்த டொக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பூங்காவில் பிள்ளைகள் ஸ்கேட்டிங் பழக ஒரு சிமெண்டுத் தளம் இருந்தது. போன தை மாதம் யாரோ அதில் வெள்ளைக் கோடு போட்டு, இடுப்பு உயரத்துக்கு வலை கட்டினார்கள். பிக்கிள்பால் வந்து இறங்கியது. டென்னிஸுக்குத் தம்பி, டேபிள் டென்னிஸுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கெட்டியான மட்டை, உடம்பெல்லாம் ஓட்டை போட்ட பந்து. காலை ஐந்தே முக்காலுக்கு ஆரம்பித்தால் வெயில் ஏறுகிற வரைக்கும் டொக், டொக், டொக். ஆடுகிறவர்கள் ஒன்றும் ரவுடிகள் இல்லை. முழங்கால் வலிக்காரர்கள், சர்க்கரை ஏறியவர்கள், நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள். அந்த ஒரு மணி நேரம்தான் அவர்கள் சிரிக்கிற நேரம். சுற்றி இருக்கிற வீடுகளுக்கோ அது மண்டையில் அடிக்கிற ஆணி.

சென்னியப்பன் மனு எழுதி நாற்பத்தோரு கையெழுத்து வாங்கிவிட்டார். ஆட்டக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. நவநீதன் என்கிற பல் டாக்டர் தலைமையில் அவர்களும் ஒரு மனு தயார் செய்தார்கள். பூங்காவைப் பார்த்துக்கொள்கிற பொறியாளர் இரண்டு தரப்பையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "ரெண்டு மனுவும் என் மேஜைக்கு வந்துச்சுன்னா பார்க்குக்கே பூட்டுத்தான். ஆடவும் முடியாது, நடக்கவும் முடியாது. மாசக் கடைசிக்குள்ள பேசித் தீத்துக்கங்க." மாசக் கடைசிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

அம்மா கையை நீட்டினார். மனுவின் இரண்டு பக்கத்தையும் படித்தார். ஒலி மாசு இருந்தது. பொது அமைதிக்குக் குந்தகம் இருந்தது. குடியிருப்போர் நலன் இரண்டு இடத்தில் இருந்தது.

"நல்லா எழுதியிருக்கீங்க."

"முப்பத்தொரு வருசம் எழுதுன கைங்க."

"சுகந்தி எங்க?"

"வூட்லதானுங்க. இப்பத்தான் எந்திரிச்சிருப்பா."

"இதுல எங்கன்னு கேட்டேன்."

சென்னியப்பனின் முகம் சுருங்கிவிட்டது. சுகந்தி அவருடைய ஒரே மகள். பெரிய ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். நான்கு மாதமாக இரவு வேலை. காலை ஏழு பத்துக்கு வீட்டுக்கு வருவாள், ஏழரைக்குப் படுப்பாள், பந்து அவளைத் தூங்க விடாது. போன புதன்கிழமை வேலைக்குப் போகிற வழியில் வண்டி ஓட்டிக்கொண்டே கண் அசந்துவிட்டாள். டிவைடரில் சாய்ந்து முழங்கை முழுக்கச் சிராய்ப்பு. பின்னால் லாரி வராதது யார் செய்த புண்ணியமோ. அன்றிலிருந்து அவள் வண்டிச் சாவியை எடுக்கும்போதெல்லாம் சென்னியப்பன் தெருமுனை வரைக்கும் கூடவே நடந்து போகிறார்.

"மனுவுல சொந்த விசயம் எழுதக் கூடாதுங்க," என்றார்.

அம்மா மனுவைத் திருப்பிக் கொடுத்தார்.

"நாளைக்கு மேல வராதீங்க ஐயா. அஞ்சு மணிக்குக் கீழ மில்லுல உக்காருங்க."

"என் கேள்விக்குப் பதிலுங்க?"

"அங்கதான் அரைச்சுட்டு இருக்காங்க."

மறுநாள் சென்னியப்பன் மில்லில் ஒரு கவிழ்த்த டின்னின் மேல் உட்கார்ந்தார். மதிய ஓய்வு முடிந்து மில் திறந்திருந்தது. ராகி ஒருவர், கோதுமை ஒருவர், மல்லித்தூளுக்கு ஒரு பெண் என்று தூக்குகளோடு வரிசை நின்றது. ராவுத்தர் புருவம் வரைக்கும் மாவாக இருந்தார்.

ஐந்தேகால் ஆனது. ராவுத்தர் மூலையில் சாத்தியிருந்த மூங்கில் கழியை எடுத்தார். தலைக்கு மேலே பலகையில் இரண்டு தட்டு தட்டினார். பிறகு ஸ்விட்சில் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றார்.

மேலேயிருந்து இரண்டு தட்டு வந்தது.

ராவுத்தர் ஸ்விட்சைப் போட்டார். பெல்ட் உறுமிக்கொண்டு ஓடியது.

சென்னியப்பன் டின்னிலிருந்து எழுந்தேவிட்டார். அது விடு தட்டு. மூன்று வருஷமாக மூச்சு விட்ட தட்டு.

"என்னுங்க இது?" என்று ராவுத்தரின் காதருகே கத்தினார்.

"எது?"

"அந்தத் தட்டு. அது மூச்சு விடறதுக்குல்லீங்க?"

"என்ன மூச்சு? மில்லைப் போடட்டுமான்னு நான் கேக்கறேன். போடுங்கன்னு அம்மா சொல்றாங்க. எட்டு வருசமா நடக்குது."

"வேண்டாம்னு சொன்னா?"

"சொல்லியிருக்காங்க. போன வருசம் ஒரு நாள் பதில் தட்டே வரல. மேல யாரோ ஒரு அம்மா அழுதுட்டு இருந்துச்சாம். வந்தவங்களை எல்லாம் டீக் குடிச்சுட்டு வரச் சொல்லிட்டேன். அரை மணி நேரம் கழிச்சுத்தான் தட்டினாங்க. இன்னொண்ணும் சொல்றேன், கேளுங்க, மொதல்ல இது எப்படி..."

சென்னியப்பன் கேட்க நிற்கவில்லை. அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. சத்தம் போடுகிறவன் கேட்டுவிட்டுப் போடணும், அவ்வளவுதானே. இது தெரியாமல் மூன்று வருஷம் மூச்சை விட்டுக்கொண்டிருந்தோமே என்று வெட்கம் ஒரு பக்கம். இரும்புப் படியில் தடதடவென்று ஏறி, அம்மாவின் காதருகே குனிந்து கேட்டார்.

"ஏம்மா எங்ககிட்டச் சொல்லவே இல்ல?"

"யாருமே கேக்கலீங்க."

"நாங்க மூச்சு விட்டுட்டு இருந்தமே."

"விட்டது நல்லதுதானுங்களே," என்றார் அம்மா. கண்ணைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கே சென்னியப்பன் பூங்காவில் போய் நின்றார். டாக்டர் நவநீதன் வலையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். சிரித்த முகம்தான், சென்னியப்பனைப் பார்த்தால் மட்டும் சிரிப்பு வராது.

"இனிமேல் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆரம்பிங்க," என்றார் சென்னியப்பன்.

"எதுக்குங்க சார்?"

"கேக்கறதுதான் முறை. எனக்குத் தெரிஞ்ச மில்லுக்காரரே கேக்கறாரு."

நவநீதன் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"பார்க்குக்கு உங்க பேர்ல பட்டா ஆயிருக்குதுங்களா சார்?"

பின்னால் நின்ற நாலு பேரும் சிரித்துவிட்டார்கள். வாழ்நாள் முழுக்கப் பட்டாவோடு புழங்கிய மனுஷனுக்கு அது எங்கே போய்க் குத்தியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. விறுவிறுவென்று வீட்டுக்கு வந்து ஜன்னலில் நின்றார். டொக் என்று விழுந்த ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்தார்.

எட்டு மணிக்கு சுகந்தி கண் சிவந்து எழுந்து வந்தாள்.

"அப்பா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"பந்துச் சத்தம்கூடப் பரவால்லப்பா. நீங்க அந்த ஜன்னல்ல நின்னு பல்லைக் கடிக்கறீங்க பாருங்க, அதுலதான் எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது."

சென்னியப்பனுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. ஜன்னலை விட்டு நகர்ந்தார்.

மாலையில் மனம் நொந்துபோய் அம்மாவிடம் வந்தார்.

"அவங்க கேக்க மாட்டேங்கறாங்க அம்மா. ராவுத்தராட்டம் மனுசங்க எல்லா எடத்துலயும் இல்லீங்க."

"ராவுத்தர் சொன்னதை முழுசாக் கேட்டீங்களா?"

சென்னியப்பன் செருப்பை மாட்டிக்கொண்டார். பிறகு படியிறங்கிக் கீழே போனார்.

"அதான் பாதியிலயே ஓடிட்டீங்களே," என்றார் ராவுத்தர். அரைப்பை நிறுத்திவிட்டுக் கல்லாப்பெட்டியில் சாய்ந்துகொண்டார். "அம்மா மேல குடி வந்த புதுசுல எனக்கும் அவங்களுக்கும் ஆகவே ஆகாது. ஸ்டேசன் வரைக்கும் போயிட்டோம். வீம்புக்குன்னே அஞ்சு ஹெச்.பி. மோட்டாரை எடுத்துட்டுப் பத்து போட்டேன். அப்புறம் ஒரு நாள் அவங்க கீழ எறங்கி வந்து, இந்தா, இந்த வாசப்படியில நின்னாங்க. 'ராவுத்தரே, நான் உக்காரப் போறேன்' அப்படின்னாங்க."

"நிறுத்தச் சொன்னாங்களா?"

"அதான் இல்ல. சொல்லிட்டு மேல போயிட்டாங்க. உக்காந்தா உக்காரு, எனக்கென்னன்னு ஸ்விட்சைப் போட்டேன். அடுத்த நாளும் வந்தாங்க. 'நான் உக்காரப் போறேன்.' அதுக்கு அடுத்த நாளும். மழை பேஞ்சாலும் வருவாங்க. முழங்கால்ல வலி வேற, கைப்புடியைப் புடிச்சுட்டு எறங்கி வருவாங்க. எனக்கு எரிச்சலா வரும்."

"அப்புறமுங்க?"

"ஒரு நாள் அவங்க வரல. அஞ்சேகால் ஆச்சு. ஆளுக நிக்கறாங்க. என் கை ஸ்விட்சு மேல இருக்குது, போட வரமாட்டேங்குது. என் மில்லு, என் கரண்டு. எனக்கே கோவம். கடைசில இந்தக் கழியை எடுத்து மேல தட்டிட்டேன், பதில் தட்டு வந்துச்சு. அவங்களுக்கும் படி எறங்கற வேலை மிச்சம்."

"எத்தனை நாள் கழிச்சுங்க?"

"யாரு எண்ணினா?"

சென்னியப்பன் மேலே போகவில்லை. நேராக வீட்டுக்குப் போனார்.

அந்த ஆட்டக்காரர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. முறைக்குக் காத்திருக்கிறவர்கள் தங்கள் மட்டையைக் கம்பி வேலியில் வரிசையாகச் செருகி வைப்பார்கள். ஆள் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், வரிசையில் நிற்பது மட்டைதான். அதன் முறை வந்தால் அந்த ஆள் உள்ளே போகலாம். சண்டை கிடையாது, முந்திக்கொள்வது கிடையாது. ஜன்னலில் நின்றே இதைச் சென்னியப்பன் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேமுக்காலுக்கு வேலியின் கடைசி மட்டைக்குப் பக்கத்தில் தம்முடைய குடையைச் செருகிவிட்டு ஓரமாக நின்றார். வரிசை நகர்ந்தது. குடையின் முறை வந்தது.

"யாருதுங்க இந்தக் குடை?" என்றார் முழங்காலில் பட்டை கட்டியிருந்த ஒரு அம்மாள்.

"என்னோடதுங்க."

அவர் கோட்டைத் தாண்டி உள்ளே போய் நின்றார். கையில் குடை. எதிரே நவநீதன்.

"எம் பொண்ணு பேரு சுகந்தி," என்றார். "ஐ.சி.யூ. நர்ஸு. ராத்திரி டூட்டி. ஏழு பத்துக்கு வருவா, ஏழரைக்குப் படுப்பா. இன்னிக்கும் படுக்கப் போறா. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"அதனால நாங்க நிறுத்தணும். அதானுங்களே சார்?"

நாக்கு நுனிக்கு ஒலி மாசு வந்தது, குந்தகம் வந்தது. சென்னியப்பன் விழுங்கினார்.

"இல்லீங்க. சொல்லத்தான் வந்தேன்."

குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அன்று பந்து ஒன்பது மணி வரைக்கும் விழுந்தது. அவர் ஜன்னல் பக்கம் போகவில்லை. சமையலறையில் உட்கார்ந்து அரைக்கிலோ சின்ன வெங்காயம் உரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

திங்கட்கிழமையும் குடை வரிசையில் நின்றது. செவ்வாயும் நின்றது. "குடை சார் வந்துட்டாரு" என்று ஒருவர் கிண்டல் செய்தார். புதன்கிழமை அந்த முழங்கால் அம்மாள், "ராத்திரி டூட்டின்னா சாப்பாடெல்லாம் எப்படிங்க பொண்ணுக்கு?" என்று கேட்டார். சென்னியப்பன் சொன்னார். வியாழன், வெள்ளி. பந்து விழுந்துகொண்டேதான் இருந்தது. நவநீதன் மட்டும் குடை வரும்போது மட்டையைத் தாழ்த்திக்கொண்டு தரையைப் பார்ப்பார். மாசக் கடைசிக்கு நான்கு நாள்தான் பாக்கி.

சனிக்கிழமை சுகந்தி வர நேரமாகிவிட்டது. ஏழே முக்காலுக்குத்தான் வந்தாள். சென்னியப்பன் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்ததில் பூங்காவை மறந்தே போனார். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் உயிர் வந்தது. அடுப்பில் தோசைக்கல்லை வைத்து, ஒரு தோசை வார்த்துக் கொடுத்தார்.

காலிங் பெல் அடித்தது.

நவநீதன் நின்றார். வியர்வை, கையில் மட்டை, முகத்தில் கோபம். யார் மேல் கோபம் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"குடை வரலியே சார்."

"இன்னிக்கு லேட்டுங்க. இப்பத்தான் வந்தா."

"அவங்க படுத்துட்டாங்களா இல்லையான்னு தெரியல. இருவது நிமிசமா நாலு பேரும் பந்தைக் கையில வெச்சுட்டு நிக்கறோம்." மட்டையைக் கை மாற்றிக்கொண்டார். "இன்னும் ஒரு ஆட்டம் பாக்கி இருக்குது. ஆடட்டுங்களா?"

"இருங்க, கேட்டுட்டு வர்றேன்," என்றார் சென்னியப்பன். உள்ளே போனார். சுகந்தி தோசையை மென்றுகொண்டே நிமிர்ந்தாள்.

"கேட்டுச்சுப்பா. எத்தனை நேரமாம்?"

"ஒரே ஒரு ஆட்டமாம். கால் மணி நேரம் ஆகும்."

"ஆடச் சொல்லுங்க."

கை கழுவிவிட்டுப் போய்ப் படுத்தாள். பூங்காவில் டொக் என்று விழுந்தது. சென்னியப்பன் அறை வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். டொக். டொக். ஐந்தாவது டொக்குக்கு சுகந்தியிடமிருந்து மெல்லிய குறட்டை வந்தது. அவர் அசையாமல் அங்கேயே நின்றார்.

மாசக் கடைசி வந்து போனது. இரண்டு மனுவும் உறையை விட்டு வெளியே வரவில்லை. இப்போதெல்லாம் ஏழரைக்கு ஆட்டம் முடிந்துவிடும். சில நாள் பெல் அடித்து, இன்னொரு ஆட்டம் ஆடட்டுமா என்பார்கள். பெரும்பாலும் சுகந்தி ஆடச் சொல்வாள். ஒரே ஒரு நாள் வேண்டாம் என்றாள். அன்று விடியற்காலையில் அவள் கையைப் பிடித்தபடியே ஒருவர் இறந்து போயிருந்தார். ஆட்டக்காரர்கள் மட்டைகளை உறையில் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் கலைந்து போனார்கள்.

அந்த வாரம் சென்னியப்பன் மடத்துக்கு வந்தார். மற்ற ஏழு பேரும் பாயில் உட்கார்ந்து மூச்சைப் பிடித்திருந்தார்கள். அவர்களுக்கு அது இன்னும் விடு தட்டுதான். இவரும் சொல்லவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்.

"பந்து மாறல, மட்டை மாறல, சத்தமும் அதேதானுங்க அம்மா. ஏழரைக்கு மேல ஆடற நாள்லகூட எம் பொண்ணு எப்படித் தூங்கறா?"

மணி ஐந்தேகால் ஆனது. கீழேயிருந்து இரண்டு தட்டு வந்தது. சரியாகச் சென்னியப்பன் உட்கார்ந்திருந்த பலகைக்குக் கீழே.

அவர் அம்மாவின் காலைப் பார்த்தார். அம்மா காலைச் சம்மணமிட்டு மடக்கி வைத்திருந்தார். அது அசைகிற மாதிரி தெரியவில்லை. ஏழு பேரும் மூச்சைப் பிடித்தபடி சிவந்துகொண்டிருந்தார்கள்.

மறுபடியும் இரண்டு தட்டு.

"அம்மா, கீழ கேக்கறாங்க."

"ஆமாங்க ஐயா. இன்னிக்கு உங்களைத்தான்."